சென்னை மாடியில் பசுமைக்குடில்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

மொட்டை மாடியில் குடில் போட்டுக் காய்கறி வளர்க்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போவதில்லை. ஆள் மாறுவார், பேட்டை மாறும், புகார் மட்டும் அதேதான். போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். அந்த வரிசையைத் தாண்டாதீர்கள். இலை லேசாகச் சுருண்டாலே மருந்துக் கடைக்கு ஓடுவது நம் வழக்கம். ஆனால் கோளாறு பெரும்பாலும் வெயிலிலோ காற்றிலோ தண்ணீரிலோதான் இருக்கும். பாட்டிலில் வரும் எதுவும் அதைச் சரிசெய்யாது.

எதையும் பார்ப்பதற்கு முன் கூரையைப் பாருங்கள். ஊட்டியில் குடில் போடுவது சூட்டைப் பிடித்துவைக்க. நமக்கு அந்த வேலையே இல்லை. சென்னையில் குடிலுக்கு இரண்டே வேலை: வெயிலைக் குறைக்க வேண்டும், அடைமழையைத் தடுக்க வேண்டும். வருடம் முழுக்க பாலித்தீன் ஷீட் கூரையோடு இருக்கும் குடில் என்றால், கீழே உள்ள பாதி அறிகுறிகளுக்கு அதுவே காரணம். ஷீட்டைக் கழற்றிச் சுருட்டிவைத்துவிட்டு, வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையைப் போடுங்கள். ஷீட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் வேலை. அப்போதும் கூரைக்கு மட்டும், பக்கவாட்டில் வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம் இரண்டையும் காட்டும் தெர்மாமீட்டர், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு வெள்ளைத் தாள். தாளைத் தவிர எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

நண்பகலில் செடி வாடித் தொங்குகிறது

இதற்கு மூன்று கிளைகள். மாலை ஆறு மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தால்தான் எந்தக் கிளை என்று தெரியும்.

*மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால்*

நோய் இல்லை, சூடு. தெர்மாமீட்டரைச் செடி உயரத்தில், நேர் வெயில் படாமல் தொங்கவிட்டு மதியம் ஒரு மணிக்கு உள்ளேயும் வெளியேயும் பாருங்கள். உள்ளே மூன்று டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் காற்று அடைபட்டிருக்கிறது.

முதலில் கிழக்குப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். கோடையில் நமக்குக் கடல்காற்று வருவதே அந்தப் பக்கம்தான். பல குடில்களில் பார்த்திருக்கிறேன், மாடிப்படிக்கு வசதியாக இருக்கட்டும் என்று கதவை மேற்கே வைத்துவிட்டு, கிழக்கை வலை போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். வருகிற காற்றையும் தடுத்து, பிற்பகல் வெயிலுக்கும் வழிவிட்ட மாதிரி ஆகிவிடும். மேற்கே இன்னொரு அடுக்கு வலையைத் தொங்கவிடுங்கள்.

அடுத்தது உச்சி. சூடான காற்று மேலே ஏறும், அதற்கு வெளியேற வழி வேண்டும். பக்கத் திறப்புகளும் உச்சித் திறப்பும் சேர்ந்து தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். கூரை ஏழடி உயரத்தில் இருந்தால் ஒன்பது, பத்தடிக்கு உயர்த்துவது பெரிய வித்தியாசம் காட்டும்.

அப்புறம் தரை. மே மாத மாடித் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடிகிறதா? பையின் அடியில் இருக்கும் வேருக்கும் அதே சூடுதான். செங்கல் வைத்தோ ஸ்டாண்டு வைத்தோ பையைத் தளத்திலிருந்து தூக்குங்கள். கறுப்புப் பையைச் சுற்றி வெள்ளைச் சாக்கு கட்டுங்கள். மண்ணின் மேல் தேங்காய் மட்டையோ காய்ந்த இலையோ இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள்.

இதெல்லாம் செய்தபிறகும் சூடு குறையவில்லை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றி யோசிக்கலாம். வயர் இழுக்க எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும், மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஈரமான குடிலுக்குள் மின்சாரம் கொண்டுபோகக் கூடாது. பனித்துளி தெளிக்கும் ஃபாகர் வாங்கச் சொல்லிப் பலர் ஆசை காட்டுவார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்று காய்ந்திருக்கும் ஊர்களில் அது நன்றாகக் குளிர்விக்கும். ஏற்கெனவே புழுங்கும் நம் கடலோரக் காற்றில் கொஞ்சம்தான் குளிர்விக்கும், பூஞ்சணத்துக்கோ நல்ல விருந்து.

*மாலையிலும் நிமிரவில்லை, மண் காய்ந்திருக்கிறது*

தண்ணீர் போதவில்லை. "தினமும் ஊற்றுகிறேனே" என்பீர்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். தேங்காய் நார்த்தூள் ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது, ஊற்றியது பையின் ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிடும். தளம் நனைந்திருப்பதைப் பார்த்து நாமும் போதும் என்று நிறுத்திவிடுவோம். அப்படிப்பட்ட பையை ஒரு டப்பில் நாலு அங்குலத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள், அடியிலிருந்து ஏறும். கத்திரி வெயிலில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டும். மதியம் ஊற்ற வேண்டாம், குழாயில் நிற்கும் தண்ணீரே அப்போது கையைச் சுடும்.

*மண் ஈரம், ஆனாலும் வாடுகிறது*

இதுதான் கவலைப்பட வேண்டிய கிளை.

முதலில் பையின் அடியில் துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். அடைத்திருந்தால் திறந்துவிட்டு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். செடி தேறினால் அதோடு முடிந்தது.

தேறவில்லையா? ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வந்தால் வேரழுகல். அந்தப் பையைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மற்றப் பைகளுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சணத்தைத் தொழுவுரத்தில் கலந்து போடுங்கள். வேர் முழுக்க மணிமணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டையில் சகஜம். அவரை, காராமணி வேரிலும் முடிச்சு இருக்கும், அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள்: விரலால் தேய்த்தால் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சு. நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும்.

வேர் பார்க்க நன்றாக இருக்கிறது, இலை பச்சையாக இருக்கும்போதே செடி இரண்டு நாளில் தொங்கிவிட்டது என்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். தண்டின் அடிப்பகுதியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீருக்குள் இருக்கும்படி துண்டை அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளை நூல் இழை இழையாகக் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்து இல்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் பிடிக்கும். செடியை மண்ணோடு குடிலை விட்டு வெளியேற்றுங்கள், கத்தியைக் கழுவுங்கள், பக்கத்துப் பைக்கு அந்தத் தண்ணீர் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூற்புழு வந்த மண்ணைத் தூக்கிப் போட வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற தெளிவான பாலித்தீனுக்குள் மூடி ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை கிடத்துங்கள். நம் ஊர் வெயிலை உருப்படியாகப் பயன்படுத்தும் ஒரே வழி இதுதான் என்பேன். பிறகு வேப்பம் புண்ணாக்கு கலந்து, முதல் போகத்துக்குத் துலுக்கச் சாமந்தி போடுங்கள். வாடல் வந்த மண்ணைக் காய்கறிக்கு நம்பாதீர்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக மூன்று, நான்கு செடி போனால் நிபுணரைக் கூப்பிட வேண்டிய நேரம். 1800 180 1551 என்ற இலவச எண்ணில் கிசான் அழைப்பு மையம் தமிழிலேயே பதில் சொல்லும். புறநகர்க்காரர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மாதிரிச் செடியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம். செடியை வேரோடு, மண்ணோடு கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் படத்தைக் காட்டி வேர்நோய் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

*தக்காளி, மிளகாய், கத்தரி*

மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் தக்காளி விஷயத்தில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24-க்குக் கீழே வராமல் இருந்தால் மகரந்தம் வீணாகிப் பூ உதிரும். மே மாதச் சென்னையில் இரவு 28 டிகிரி சாதாரணம். தேமோர் கரைசல், மீன் அமிலம், பஞ்சகவ்யா என்று மாற்றி மாற்றித் தெளிப்பவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் இரவைக் குளிர்விக்க அவற்றால் முடியாது. ஆடிக்குப் பிறகு விதைத்து, பனிக்காலத்தில் காய் எடுக்கிற மாதிரி தக்காளியைத் தள்ளிவையுங்கள். கோடைக்கு வெண்டை, கத்தரி, காராமணி, தண்டுக்கீரை, பசலை போடுங்கள்.

காலம் சரி, ஆனாலும் காய் இல்லை என்றால் காற்று. வெளியே நிற்கும் செடியைக் காற்று ஆட்டி மகரந்தத்தை உதிர்த்துவிடுகிறது, குடிலுக்குள் அது நடப்பதில்லை. காலை எட்டு முதல் பத்து மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டுங்கள். வீட்டில் பழைய எலக்ட்ரிக் பல்துலக்கி இருந்தால் அதைக் காம்பில் ஒரு நொடி வைத்து எடுங்கள், மஞ்சள் பொடி உதிர்வது கண்ணுக்கே தெரியும்.

இலை கரும்பச்சையாக, செடி ஆளுயரத்துக்குப் புதராக, பூ மட்டும் அரிதாக இருந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. மாட்டு எருவையும் ஜீவாமிர்தத்தையும் ஒரு மாதம் நிறுத்துங்கள், சாம்பல் ஒரு கைப்பிடி போடுங்கள்.

*பாகல், புடல், பீர்க்கு, சுரை, வெள்ளரி*

இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண். முதல் இரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே வரும், பொறுங்கள். சுரையில் பெண் பூ வராமலே இழுத்தடித்தால் நுனி கிள்ளிப் பக்கக் கிளையை விடுங்கள். அதைத்தான் இப்போது எல்லாரும் 3ஜி கட்டிங் என்கிறார்கள்.

பெண் பூ வந்து, குட்டிக் காய் மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. பூச்சி வராமல் நாம் கட்டிய வலை தேனீயையும் நிறுத்திவிட்டது. கையால் சேர்க்க வேண்டியதுதான். நேரம் முக்கியம்: வெள்ளரி, பாகல், பூசணி எல்லாம் விடிந்ததும் பூக்கும், ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் மலரும், புடல் அதற்கும் பிந்தி. காலையில் ஆபீஸ் போகும் முன் சுரைப்பூவைத் தேடிவிட்டு "சூம்பிப்போயிருக்கிறது" என்று சொல்கிறவர்கள் மாலை ஏழு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்க்கட்டும். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்தால் போதும். ஒரு ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூவுக்கு வரும்.

தினமும் செய்ய முடியாதவர்களுக்கு இரண்டு வழி. பூக்கும் காலத்தில் காலை, மாலை ஒரு பக்க வலையைத் தூக்கிவிடுங்கள். இல்லையென்றால் மகரந்தமே தேவைப்படாத வெள்ளரி ரகம் இருக்கிறது, விதை விலை கூடுதல், பூச்சி புகாத குடிலுக்கு அதுதான் சரி. கொசுத்தேனீப் பெட்டி வைப்பது அழகான யோசனை. ஆனால் மருந்தடிக்கும் பழக்கம் இருந்தால் வேண்டாம்.

*காய் பிடித்தது, அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது*

தக்காளியில் வரும். சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. அது மண்ணில் இல்லை என்பதைவிட, ஒருநாள் காய்ச்சல் ஒருநாள் பாய்ச்சல் என்று தண்ணீர் விடுவதுதான் பெரும்பாலும் காரணம். முட்டை ஓடு மக்கிச் சத்தாக மாறுவதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும். தண்ணீரை ஒரே சீராக்குங்கள், மூடாக்குப் போடுங்கள்.

செடி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது

நிழல் அதிகம். வலையில் எத்தனை சதவீதம் என்று கடையில் கேட்காமல் வாங்கினால் கார் நிறுத்தத்துக்குப் போடும் 75, 90 சதவீத வலையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். காய்கறிக்கு 50, வெயில் விரும்பும் வெண்டைக்கும் கத்தரிக்கும் 35 போதும். 50 சதவீத வலையையே நவம்பர் மேகமூட்டத்தில் பாதி சுருட்டிவிட வேண்டும். வலையை நிரந்தரமாகக் கட்டாமல் வளையத்தில் கோத்துத் திரைச்சீலை மாதிரி ஓடவிட்டால் இது ஒரு நிமிட வேலை. பக்கத்தில் புதிதாக நாலு மாடி எழும்பிவிட்டதா என்றும் பாருங்கள். ஆறு மணி நேர வெயில் கிடைக்காத மாடியில் கீரையும் புதினாவும்தான் ஒழுங்காக வரும்.

இலை ஓரம் கருகுகிறது, பையின் விளிம்பில் வெள்ளைப் படிவு

தண்ணீரில் உப்பு. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளின் போர் தண்ணீரில் இதை எதிர்பார்க்கலாம். டிடிஎஸ் மீட்டரில் 500-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 1000-ஐ நெருங்கினால் கொத்தமல்லி, அவரை, வெள்ளரி முதலில் முகம் சுளிக்கும். 1500-க்கு மேல் என்றால் அந்தத் தண்ணீரைத் தனியாக ஊற்றாதீர்கள்.

செலவில்லாத வழி: வாரம் ஒருமுறை அடியில் நன்றாக வழியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுவது. கழுவுவதற்கு மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டும், அதே போர் தண்ணீரால் பாதிப் பலன்தான். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் எல்லா வீட்டிலும் மாடியிலிருந்து குழாய் இறங்குகிறது. அதன் வழியில் ஒரு டிரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை, பிடித்துக் கலந்து ஊற்றலாம். ஆர்ஓ கழிவுத் தண்ணீர் இதற்கு நேர் எதிர், நம் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும்.

அபார்ட்மென்ட்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கட்டடத்தில் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருக்கிறதா என்று அசோசியேஷனில் கேளுங்கள். சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும். மீட்டரில் எண் பெரிதாக மாறாது, செடிக்கு மட்டும் தெரியும். சாஃப்ட்னருக்கு முன்னால் பிரியும் குழாய் ஒன்று தோட்டத்துக்கு வேண்டும். அது பிளம்பர் வேலை.

தண்ணீர் நன்றாக இருந்தும் புது நடவில் இப்படி ஆனால் நார்த்தூளைச் சந்தேகப்படுங்கள். கழுவாத நார்த்தூள் கட்டியில் உப்பு நிறைய இருக்கும். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரில் மீட்டரை விட்டுப் பாருங்கள், ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை கழுவுங்கள்.

இலை மஞ்சளாகிறது

கீழ் இலைகள் முழுதாக மஞ்சளானால் பசி. மண்புழு உரம் போடுங்கள். மேலே கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை, கடினத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது அடிக்கடி. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம், சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். வெண்டையில் நரம்பு மஞ்சளாகி வலை போட்ட மாதிரி தெரிந்தால் அது தேமல் நோய், பிடுங்கிவிடுங்கள்.

இலை சுருள்கிறது

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்க்காமல் மருந்து கேட்காதீர்கள்.

*மிளகாயில் ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி இருந்தால்* இலைப்பேன். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில் நூல் துணுக்குகள் ஓடும். நீல ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள், வேப்பெண்ணெய் தெளியுங்கள்.

*ஓரம் கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டு, கொழுந்து சிறுத்தால்* முரணைச் சிலந்தி. தாளில் எதுவும் தெரியாது, லென்ஸ் வேண்டும். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே ஊசி குத்திய மாதிரி மஞ்சள் புள்ளியும் இருந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். இரண்டும் சிலந்தி இனம், பூச்சி மருந்துக்கு மசியாது. சிவப்புச் சிலந்திப்பேனை இலையின் அடியில் தண்ணீர் பீய்ச்சிப் பாதி விரட்டலாம். அடுத்தபடி நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெயில் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளிலும், வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் போடாதீர்கள், இலை பொசுங்கிவிடும். சென்னைக் கோடையில் 32 டிகிரியைத் தாண்டாத நாள் கிடைப்பதே அபூர்வம் என்பதால், கந்தகத்தைப் பனிக்கால மருந்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

*தக்காளியில் இலை சிறுத்து, மஞ்சளோடி, செடி குட்டையாகிக் கொத்தாக நின்றால்* இலைச்சுருட்டை வைரஸ். கொண்டுவந்தது வெள்ளை ஈ. செடி தேறாது. பிளாஸ்டிக் பையை மேலே கவிழ்த்து மூடிப் பிறகு பிடுங்குங்கள், ஈக்கள் பக்கத்துச் செடிக்குத் தாவாது. மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி உச்சிக்குச் சற்று மேலே கட்டுங்கள். 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சித் தடுப்பு வலை வெள்ளை ஈயை நிறுத்தும், ஆனால் காற்றையும் பாதி நிறுத்தும். குடில் முழுக்க அதைக் கட்டினால் இந்தக் கட்டுரையின் முதல் அறிகுறிக்கே திரும்பி வருவீர்கள். நாற்றுத் தட்டுக்கு மட்டும் கட்டுங்கள், வைரஸ் இளம்செடியைப் பிடித்தால்தான் நஷ்டம் அதிகம்.

வேப்பெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. லிட்டருக்கு 5 மில்லி, கூடவே காதி சோப்புக் கரைசல். முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்துவிட்டுத்தான் தண்ணீர். எண்ணெய் மேலே மிதந்தால் தெளிக்காதீர்கள். மாலை வெயில் தாழ்ந்ததும், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒருமுறை. மேல்பக்கம் பளபளவென்று நனைந்திருப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மாவுப்பூச்சி இருந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள். தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறவரை மாவுப்பூச்சி குறையாது, அதைச் சுமந்து அடுத்த செடிக்குக் குடிவைப்பதே எறும்புதான். ஸ்டாண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

மழைக்காலத்தில் நாற்று சாய்கிறது, இலையில் பூஞ்சணம்

நாற்று மண் மட்டத்தில் மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும் ஈரம் காயாததும் காரணம். நாற்றுத் தட்டைத் தூக்கிக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், மேல்மண் நிறம் வெளுத்த பிறகே தண்ணீர். பரவினால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரில் ஊற்றலாம். அடுத்த முறை விதையைச் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாப் பொடியில் புரட்டிப் போடுங்கள், கிலோவுக்கு 10 கிராம் கணக்கு. நம் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை.

பாகல், பூசணி இலையில் வெள்ளைப் பொடி சாம்பல் நோய். அடி இலைகளைக் கழித்துக் காற்று புகவிடுங்கள். நவம்பரில் மேலே ஷீட், நாலு பக்கமும் திறப்பு, இது இரண்டும் இருந்தால் பாதி வராது.

சொட்டுநீர் ஒரு பைக்கு வருகிறது, இன்னொன்றுக்கு இல்லை

கடைசி மூடியைத் திறந்து ஓடவிடுங்கள், சேறு வரும். டிஸ்க் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். உப்பு அடைத்த டிரிப்பரை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். இதற்கும் சரியாகாமல் எல்லாப் பைக்கும் மெதுவாகவே வந்தால் அழுத்தம் இல்லை. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடித் தொட்டி இரண்டு மீட்டர் மேலே இருந்தால் கால் கிலோகூடத் தேறாது. அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் டிரிப்பர்கள் அதில் வேலை செய்யாது. சாதாரண டிரிப்பரோ மைக்ரோ டியூபோ போடுங்கள். டைமர் வாங்குவதானால் அழுத்தமே இல்லாமல் திறக்கும் பந்து வால்வு (ball valve) வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

காற்றில் வலை கிழிகிறது, சட்டம் ஆடுகிறது

வலை நடுவில் கிழிந்தால் வெயிலில் இற்றுப்போனது, மாற்றுங்கள். யுவி தாங்கும் வலையா என்று கேட்டு வாங்க வேண்டும். ஓரத்தில் கிழிந்தால் கட்டு சரியில்லை. ஓரத்தை இரண்டாக மடித்து ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) அடித்து, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கட்டு.

சட்டம் ஆடினால் நட்டு போல்ட்டைப் பாருங்கள், மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் இருக்கிறதா பாருங்கள். தளத்தைத் துளைத்து ஆங்கர் போல்ட் அடிக்க வெல்டர் கேட்பார், விடாதீர்கள், தண்ணீர் இறங்க அதுவே வழி. பெயிண்ட் வாளியில் கான்கிரீட் போட்டு அதில் ஜிஐ பைப்பை நிறுத்துவது போதும். அரைச் செங்கல் கைப்பிடிச் சுவரில் மட்டும் சட்டத்தைக் கட்டாதீர்கள், சுவரோடு போய்விடும். துருப்பிடித்த வெல்டிங் மூட்டு என்றால் வெல்டர் வந்தே ஆக வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் ஷீட்டையும் வலையையும் கழற்றுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்துக்குள் 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தோடு அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்களே சாய்ந்தன. ஷீட் போட்ட குடில் அந்தக் காற்றில் பறந்து பக்கத்து வீட்டு மேல் விழும். வெறும் சட்டம் நிற்கும். கழற்ற நேரமில்லை என்றால் கட்டுகளைக் கத்தியால் அறுத்துவிடுங்கள், ஷீட் வாங்கிக்கொள்ளலாம்.

கீழ் வீட்டுக் கூரையில் ஈரம்

மழைநீர்க் குழாயின் வாயில் இலையும் மண்ணும் அடைத்து நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வீட்டில் அதோடு சரி. அடுத்து, ஈரம் தெரியும் இடத்துக்கு மேலே இருக்கும் பைகளை நகர்த்தி, தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, பூச்சில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரம் அந்த இடத்தைக் காயவிடுங்கள். ஈரம் காய்ந்தால் அங்கே கொத்தனாரை வைத்துப் பூசி, இனி ஸ்டாண்டு இல்லாமல் பை வைக்கக் கூடாது.

பாரத்தையும் கணக்குப் பாருங்கள். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலையில் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. 500 லிட்டர் டிரம் நிறைந்தால் அரை டன், அது நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. டிரம்மும் பெரிய பைகளும் தூணுக்கோ பீமுக்கோ நேர் மேலே, ஓரமாக இருக்கட்டும்.

கூரையில் துரு நிறத்தில் கறை, பூச்சு உதிர்தல், கம்பி தெரிதல், பீமில் விரிசல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கொத்தனாரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அன்றே பாரத்தை இறக்கிவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது.

பழுக்கும் முன்பே காணாமல் போகிறது

பகலில் போனால் அணில், இரவில் போனால் எலி. நிழல்வலையை இரண்டும் கடித்துவிடும். கீழ் மூன்றடிக்கு அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள், தரையோடு இடைவெளி இல்லாமல். குரங்கு வரும் கிண்டி, அடையாறுப் பக்கத்தில் அதுவும் போதாது. தக்காளியைச் செடியிலேயே பழுக்கவிட வேண்டியதில்லை. நிறம் திரும்பியதும் பறித்து அடுப்படியில் வைத்தால் நாலைந்து நாளில் பழுத்துவிடும், ருசியிலும் பெரிய குறை இருக்காது.